கிரானைட்டைக் கண்டதும் ஒதுங்கிக்கொள்ளும் மென்பொருள்: மூன்று ஆண்டு அனுபவம்

நிலத்தடிப் பாறைகளை முப்பரிமாண மாதிரியாக வரைந்து தரும் மென்பொருளின் உரிமக் கட்டணம் குறைந்திருப்பதைக் கண்ட பழைய சகா ஒருவர், "அண்ணா, வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். அதன் வசதிகளை அவர் அறிவார் என்பதால், என்னை மூன்று ஆண்டுகளாக அரிக்கும் ஒரு குறையை மட்டும் எழுதுகிறேன்.

இது எண்ணெய், எரிவாயுத் துறைக்காகப் பிறந்தது. படிவுப் பாறை அடுக்குகளை அழகாக வரையும். கிரானைட் வந்ததும் 'அடித்தளம்' என்று சாம்பல் நிறம் பூசி ஒதுங்கிவிடும். எண்ணெய் தேடுபவருக்கு வேலை முடியும் அந்த இடத்தில்தான் புவிவெப்பம் தேடுபவருக்கு வேலை தொடங்குகிறது. சிங்கப்பூரின் செம்பவாங் வெந்நீர் ஊற்றில் நாம் முட்டை அவிக்கும் நீரின் சூடு ஏறத்தாழ 70 டிகிரி. அதற்கு அருகே அட்மிரல்ட்டி பகுதியில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு தோண்டிய துளையில், 1.76 கிலோமீட்டர் ஆழத்தில் 122 டிகிரி பதிவானதாக 2024இல் செய்தி வந்தது. கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி என்ற உலகப் பொது அளவைவிட இது மிக அதிகம். ஆனால் கிரானைட் தன்னூடே நீரைப் போக விடாது. வெப்பத்தை மேலே கொண்டுவரும் நீர் பிளவுகளின் வழியேதான் ஓடியாக வேண்டும். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 2006இல் புவிவெப்பத்துக்காக அழுத்தத்தோடு நீர் செலுத்தியபோது பிளவுகள் நழுவி 3.4 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டுத் திட்டம் நின்றது என்பதால், அடுக்குமாடிகள் நெருங்கிய இத்தீவில் பிளவுகளைச் சாம்பல் நிறத்துக்குள் மறைப்பதை அழகுக் குறை என்று மட்டும் தள்ளிவிட முடியாது.

ஆகவே பிளவுகளை வேறொரு இலவசக் கருவியில் உருவாக்கி இதற்குள் கொண்டுவருகிறேன். அங்கே பிளவின் கோண எண் குறிப்பது பிளவு நீளும் திசையை. இங்கே அது சாயும் திசையாகப் படிக்கப்படுகிறது. எச்சரிக்கை ஏதுமின்றி எல்லாம் 90 பாகை திரும்பிவிடும். முதல் மாதம் தவறு என்னுடையது என்றே நம்பினேன். பாதி என்னுடையதுதான், கையேட்டை ஒழுங்காகப் படிக்கவில்லை.

நியாயமாகச் சொன்னால், ஒரே தரவிலிருந்து இரவோடு இரவாக இருநூறு மாற்று மாதிரிகளை உருவாக்கி, அவை எங்கே ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்று காட்டும் வசதிக்கு ஈடில்லை. துளையிடும் செலவு எத்தகையது என்று தெரிந்தவருக்கு, அடுத்த துளையை எங்கே போடலாம் என்று சொல்லும் அந்த ஒரு படமே உரிமக் கட்டணத்துக்குப் போதும்.

ஆயினும் "வாங்காதீர்கள்" என்றே தம்பிக்குப் பதில் அனுப்பினேன். அன்று காலைதான் பிளவுகள் மறுபடி திரும்பியிருந்தன.