சோலார் வாட்சுக்கு சார்ஜர் துளை எதற்கு?

தேவகோட்டையில் இருக்கும் என் மாமன் மகன் போன வாரம் போன் செய்தான். "அத்தான், ஜிபிஎஸ் உள்ள சோலார் வாட்ச் விலை இறங்கியிருக்கு, போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிப் பழகுறேன், அதை வாங்கவா இல்ல சதுர ஜி-ஷாக் வாங்கவா, உங்ககிட்ட ரெண்டும் இருக்கே" என்றான். அவன் கேட்ட நேரம்தான் சரியில்லை. அன்று காலையில்தான் என் ஜிபிஎஸ் வாட்ச் ரிப்பேருக்குப் போய் 41 நாள் கழித்து கூரியரில் வந்திருந்தது. போனில் பேசினால் கோபத்தில் ஏதாவது சொல்லிவிடுவேன், எழுதி அனுப்புகிறேன் மாப்பிள்ளை என்று வைத்துவிட்டேன். எழுதும்போதும் கோபம் முழுதாக இறங்கவில்லை, அதையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.

ஆத்தங்குடிப் பக்கம் தரைக்குப் பதிக்கும் பூக்கல் போடும் பட்டறையில் இருக்கிறேன். கண்ணாடியைத் துடைத்து, சட்டத்தை வைத்து, அச்சுக்குள் கலர் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்க வேண்டும். ஒரு நாளில் முழங்கை வரை எத்தனை தடவை தண்ணீருக்குள் போகிறது என்று எண்ணியதில்லை. சிமெண்ட்த் தண்ணீர் தோலையே அரிக்கும், வாட்ச் எம்மாத்திரம். அதனால்தான் 2016-இல் கேசியோவின் சதுர ஜி-ஷாக் வாங்கினேன், சோலாரும் ரேடியோவும் உள்ள ஜிடபிள்யூ-எம்5610. அப்புறம் பழனிக்கு நடக்கும்போது தூரம் தெரிய வேண்டும் என்று 2022-இல் ஜிபிஎஸ் வாட்ச். அதன் பிராண்ட் வேண்டாம்.

இரண்டு பெட்டியிலும் சோலார் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் அந்த ஒரே சொல்லுக்கு இரண்டு வாட்சிலும் இரண்டு அர்த்தம், இது எனக்குப் புரிய மூன்று வருடம் ஆனது.

சதுரத்தின் கையேட்டில் ஒரு அட்டவணை உண்டு. ஒரு நாள் ஓட்டத்துக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று அதில் இருக்கும். 50,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெயிலில் 5 நிமிடம். ஜன்னலோரம் 10,000 லக்ஸில் 24 நிமிடம். டியூப்லைட் வெளிச்சத்தில், அதாவது 500 லக்ஸில், 8 மணி நேரம். முழுதாக ஏறியிருந்தால் வெளிச்சமே காட்டாமல் சுமார் 10 மாதம் ஓடும். நம் ஊரில் அரைக்கைச் சட்டையோடு டீக்கடைக்குப் போய்விட்டு வந்தாலே அன்றைய கணக்கு முடிந்துவிடுகிறது. எங்கள் பழைய வீட்டில் உள் அறைகள் எல்லாம் பகலிலும் விளக்குப் போட்டால்தான் கண் தெரியும், ஆனால் வளவில், அதாவது நடு முற்றத்தில், தூணோரம் வைத்துவிட்டால் போதும். ஒன்பது வருடமாகப் பேட்டரி அளவு, நிறைய இருக்கிறது என்று காட்டும் எச் என்ற எழுத்தை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. பேட்டரி மாற்றவில்லை, பின்மூடியைத் திறக்கவில்லை. பட்டை மட்டும் ஒரு தடவை மாற்றினேன், சிமெண்டில் அத்தனை வருடம் கிடந்ததற்கு அது நியாயம்தான்.

ஜிபிஎஸ் வாட்சின் பெட்டியில் இருக்கும் நிபந்தனை வேறு. சார்ஜரே தேவைப்படாமல் ஓட வேண்டுமானால் தினமும் 3 மணி நேரம் 50,000 லக்ஸ். அங்கே 5 நிமிடம், இங்கே 3 மணி நேரம், 36 மடங்கு. அதுவும் ஜிபிஎஸ் போடாமல், சும்மா மணி மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால். ஜிபிஎஸ் போட்டால் அது தின்னும் மின்சாரம், மணி மட்டும் காட்டும் வாட்ச் தின்பதைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல். கண்ணாடிக்கு அடியில் இருக்கும் அந்தச் சின்னத் தகடு என்ன செய்யும் பாவம். தகட்டின் மேல் எனக்குக் குறை இல்லை. பெட்டியில் சோலார் என்ற சொல்லை அத்தனை பெரிதாகப் போட்டதில்தான் குறை.

சரி, என்ன ஆனது என்று சொல்கிறேன். அந்த வாட்சின் முதுகில் சார்ஜர் மாட்ட ஒரு சின்னத் துளை, உள்ளே தங்க நிறத்தில் நான்கு பின். மூடி கிடையாது. 100 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும் என்பது வாட்சின் உடம்புக்குள் தண்ணீர் போகாது என்பதற்கான உத்தரவாதம், அந்தப் பின்கள் எப்போதும் வெளியில்தான். வியர்வை, தொட்டித் தண்ணீர், சிமெண்ட்ப் பொடி எல்லாம் அதில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சாயந்திரம் வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு ஈரம் காயுமுன் சார்ஜரை மாட்டுவேன். உப்புத் தண்ணீர் இருக்கும் பின்னில் மின்சாரம் பாய்ந்தால் உலோகம் அரித்துக் கரைந்துபோகும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. ஒருநாள் சார்ஜ் ஏறவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு பின்னில் தங்கத்தைக் காணோம், கோயில் செம்பில் பிடிக்குமே அந்தப் பச்சை, அது பிடித்திருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன், பச்சை போனது, பின் கறுப்பாகக் குழிந்து நின்றது.

சோலார்தானே என்று மொட்டைமாடியில் வெயிலில் வைத்தேன். எல்லாத்தையும் அணைத்துவிட்டு, மணி மட்டும் வைத்து, இரண்டு நாள். தளம் கொதித்தது, வாட்ச் தொட முடியாத சூடு, எடுத்துப் பார்த்தால் திரை முழுக்கக் கறுப்பு. நிழலில் கொண்டுவந்து வைத்ததும் கறுப்பு விலகியது, ஆனால் பேட்டரி 4 சதவீதத்திலேயே நின்றது. வாட்சைச் சூடான இடத்தில் போட்டு சார்ஜ் செய்யாதீர்கள் என்று சதுரத்தின் கையேட்டிலும் உண்டு, திரை கறுக்கும் என்று. சித்திரை வெயிலில் செட்டிநாட்டு மொட்டைமாடி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் நாள் வாட்ச் அணைந்துபோனது. தலைக்கு மேல் அத்தனை வெயிலை வைத்துக்கொண்டு, சார்ஜர் பின் கெட்டதால் ஒரு சோலார் வாட்ச் செத்துப்போனதை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சர்வீஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின் மட்டும் மாற்ற முடியாதாம். ஈரத்தால் வந்த பழுது வாரண்டியில் வராதாம். பணம் கட்டினேன், அதே மாடலில் வேறொரு வாட்ச் வந்தது. பழசில் இருந்த கீறல்கள்கூட எனக்குத் தெரியும், இது யாருடையதோ போல இருக்கிறது.

நியாயமாகவும் பேச வேண்டும் இல்லையா. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும்போது அந்த வாட்ச் கொடுத்தது சாதாரணம் இல்லை. மூன்று வருடம் அதோடு நடந்திருக்கிறேன். விடியுமுன் இருட்டில் நத்தம் ரோட்டில் காவடிக்குப் பின்னால் போகும்போது, முன்னால் போகிறவர் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது, அடுத்து உட்காரும் இடம் இன்னும் எவ்வளவு தூரம் என்று யாரைக் கேட்டாலும் "இந்தா வந்துருச்சு" என்பார்கள். மணிக்கட்டைத் திருப்பினால் 4.3 கிலோமீட்டர் என்று நிற்கும். வலிக்கிற காலுக்கு அந்த எண் மருந்து மாதிரி. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 3.6. பின்னால் வரும் சித்தப்பாவிடம் சத்தமாகச் சொல்வேன், அவர் பின்னால் இருப்பவரிடம் சொல்வார், அப்படியே வரிசை கடைசி வரைக்கும் போகும். உச்சி வெயிலிலும் திரை பளிச்சென்று தெரியும், வெயில் கூடக் கூட இன்னும் தெளிவாகத் தெரிகிற வகைத் திரை, போனில் இது கிடையாது.

ஆனால் சார்ஜ் விஷயம் அங்கேயும் இடித்தது. பாதயாத்திரையில் நடப்பது இருட்டிலும் இளவெயிலிலும், உச்சிப் பொழுதில் மரத்தடியிலோ மண்டபத்திலோ படுத்துவிடுகிறோம். ஜிபிஎஸ் ஓடும் நேரத்தில் வெயில் இல்லை, வெயில் அடிக்கும் நேரத்தில் நாம் நிழலில். ஆக, தங்கும் இடத்தில் ஒரே பிளக்கில் பத்து போன் தொங்கும்போது நானும் ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

மற்ற வசதிகள் பற்றிக் கேட்பாய், அதனால் இது. உயரமானி காற்றழுத்தத்தை வைத்து ஓடுவது, கடல்மட்டத்துக்குப் பக்கத்து ஊர்களில் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) மாறினால் காட்டும் உயரம் 8 மீட்டர் மாறும், ஐப்பசி மழை இரவில் நீ படுத்திருக்கும்போதே உன்னை மாடி ஏற்றிக் காட்டும். வெப்பமானி உன் கைச் சூட்டைத்தான் காட்டும். திசைகாட்டி நன்றாக இருக்கிறது.

சதுரத்தில் நான் எதிர்பார்க்காத ஒரு சந்தோஷம் உண்டு. அதன் ரேடியோ ஜப்பானில் இரண்டு, சீனா, ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா என்று ஆறு நிலையங்களிலிருந்து சரியான நேரத்தை வாங்கி ராத்திரியில் தானே திருத்திக்கொள்ளும். நம் ஊரில் அப்படி நிலையம் இல்லை, காரைக்குடிக்கு எதுவும் எட்டாது. வருடக்கணக்கில் நான் அந்த வசதியை மறந்தே போனேன், மாதத்துக்கு 15 விநாடிக்குள்தான் வித்தியாசம் வரும் என்பதால் கையாலேயே திருத்திக்கொள்வேன். அப்புறம் போனில் ஒரு ஆப் இருப்பது தெரிந்தது. ஜப்பான் நிலையம் ஒன்று 40 கிலோஹெர்ட்ஸில் அனுப்புகிறது, போன் ஸ்பீக்கர் அதில் மூன்றில் ஒரு பங்கு, 13.3 கிலோஹெர்ட்ஸில் கீச்சென்று ஒலித்தால் ஸ்பீக்கரிலிருந்து கசியும் அதன் மூன்று மடங்கு அலையை வாட்சின் ரேடியோ பிடித்துக்கொள்ளும். ஊரை டோக்கியோ என்று மாற்றி, வாட்சை ஸ்பீக்கரோடு ஒட்டி முகப்புத் திண்ணையில் வைத்தேன். அப்பத்தா "என்னப்பா வண்டு கத்துது" என்று கேட்டது. சில நிமிடத்தில் திரையில் விநாடி தாண்டிக் குதித்தது. ஊரைத் திரும்ப டெல்லி என்று மாற்றினால் மூன்றரை மணி நேரம் பின்னால் வந்து நம் நேரம், விநாடி சுத்தமாக. அன்றைக்கு ராத்திரி நான் தூங்க நேரமாகிவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

இன்னொன்று, ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் இருட்டில் கிடந்தால் சதுரம் திரையை அணைத்துவிடும். முதல் தடவை பார்த்து வாட்ச் போச்சு என்று பயந்தேன். பட்டனை அழுத்தினால் வந்துவிடும், நீயும் பயப்படாதே.

ஆக மாப்பிள்ளை, நீ சதுரத்தையே வாங்கு. செலக்‌ஷனில் உனக்கு 1500 மீட்டர், 7 நிமிடம். 400 மீட்டர் மைதானத்தில் மூன்றேமுக்கால் சுற்று, ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. அதற்கு ஸ்டாப்வாட்ச் போதும், கோடு போட்ட மைதானத்தில் ஜிபிஎஸ் எதற்கு, வளைவுகளில் அது பத்து இருபது மீட்டர் தப்பாகத்தான் காட்டும். என்னைக் கேட்டால் அந்த ஜிபிஎஸ் வாட்சை யாருமே வாங்க வேண்டாம். துளைக்கு ஒரு மூடி கொடுக்காதவர்களுக்கு அவ்வளவு பணம் கொடுக்கக் கூடாது.

தைப்பூசத்துக்கு நான் அதைத்தான் கட்டிக்கொண்டு நடக்கப் போகிறேன். சித்தப்பா இப்போதே கேட்டுவிட்டார், வாட்ச் வந்துருச்சா, இல்லையென்றால் இந்தத் தடவை தூரம் யார் சொல்வது என்று. துளையில் செருகுகிற ரப்பர் மூடி தனியாக விற்கிறார்கள், மிளகு அளவுதான் இருக்கிறது, ஐந்து வாங்கி வைத்திருக்கிறேன். இன்று காலை தொட்டிக்குள் கை விடுமுன் விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டேன், இருந்தது.