சின்ன ஜோடியும் நானும்: மூணு வருஷ அனுபவம்

போக்கர் சீட்டாட்டம் ஆடும் கடலூர் மஞ்சக்குப்பத்துத் தம்பி ஒருத்தர் போன வாரம் போன் போட்டார். "அண்ணே, ப்ளைண்ட் ஏறிப் போச்சு, 11 ப்ளைண்டுதான் மிச்சம். கையில 3-3. போடலாமா, விடலாமா?" ப்ளைண்ட் என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே ரெண்டு பேர் கட்டாயமாக வைக்கும் தொகை; அதில் பெரியதைப் போல 11 மடங்குதான் அவரிடம் மிச்சம். 3-3 என்றால் கைக்கு வந்த ரெண்டு சீட்டும் மூணு. ரெண்டு வார்த்தையில் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. அந்தச் சீட்டு மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் இருக்கிறது.

நாங்கள் ஆடுவது புதுச்சேரி முதலியார்பேட்டையில், நண்பர் வீட்டு மாடியில், சனிக்கிழமை ராத்திரி. 9 பேர். காசு கிடையாது; முதல் மூன்று இடத்துக்குப் புள்ளி, வருஷக் கடைசியில் கூட்டிப் பார்ப்போம். காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்துக்கு 2025 ஆகஸ்டில் தடைச் சட்டம் வந்ததிலிருந்து, போனிலேயே கிடந்த ரெண்டு பேரும் இந்த மாடிக்கு வந்துவிட்டார்கள்.

ஆட்டத் தொடக்கத்தில் 2-2 முதல் 6-6 வரை எதுவும் எனக்குப் பிடித்த சீட்டுதான். குறைந்த விலையில் ஃபிளாப் (மேசையில் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டு) பார்க்கலாம். செட் (கை ஜோடிக்கு மேசையில் அதே எண்ணில் மூன்றாவது சீட்டு) விழுவது ஏறக்குறைய எட்டரைக்கு ஒரு தடவை; விழுந்தால் எதிராளிக்குத் தெரியவே தெரியாது. விழாவிட்டால் நஷ்டம் கொஞ்சம்தான்.

ப்ளைண்ட் ஏறிய பிறகு அந்தச் சுகம் இல்லை. 11 ப்ளைண்டு வைத்துக்கொண்டு ரெண்டு, ரெண்டரை கொடுத்து செட்டுக்குக் காத்திருப்பது வீண். நாமே முதலில் ஆல் இன் (இருப்பதை எல்லாம்) போட வேண்டும், இல்லாவிட்டால் ஃபோல்டு (சீட்டை விட்டுவிடுவது). அடுத்தவர் ஆல் இன்னுக்கு 3-3 வைத்துக் கால் பண்ணவே (ஈடாகப் போட்டு ஆடவே) கூடாது. அவரிடம் பெரிய ஜோடி இருந்தால் ஐந்தில் ஒரு தடவைகூட ஜெயிப்பது கஷ்டம். இரண்டு பெரிய சீட்டு இருந்தால்கூடப் பாதிக்குப் பாதிதான். 2-2க்கு எதிரே ஒரே இனத்தில் ஜாக்கியும் 10-ம் இருந்தால் ஜோடி வைத்திருக்கும் நாம்தான் பின்னால் நிற்கிறோம்! முதலில் போட்டால் எல்லோரும் விலகிப்போகும் வாய்ப்பாவது உண்டு. ப்ளைண்டும் ஆன்டியும் (கூடுதலாகக் கட்டும் கட்டாயத் தொகை) சேர்ந்து ரெண்டரை கிடைத்தாலே பெரிய விஷயம்.

கணக்கு இப்படி இருக்க, எனக்கு ஏன் ஆத்திரம்?

போன மாசம். நான்கு பேர் மிச்சம், மூன்று பேருக்குப் புள்ளி. பட்டனில் (எனக்குப் பிறகு ப்ளைண்ட் வைத்த ரெண்டு பேர்தான்) நான், கையில் 3-3, 11 ப்ளைண்டு. போட்டேன். பிக் ப்ளைண்ட் வைத்தவர் ஏஸ்-ஜாக்கி வைத்துக் கால் பண்ணினார். ஃபிளாப் ராஜா, 9, 6. சந்தோஷப்பட்டேன். டர்ன் (நாலாவது சீட்டு) இன்னொரு 9. மேசையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை, எனக்கு மட்டும் வயிறு கலங்கியது. அதுவரை அவருக்கு ஏஸும் ஜாக்கியுமாக 6 சீட்டுதான் உதவும். அந்த 9 வந்ததும், மேசையிலேயே ரெண்டு ஜோடி ஆகிவிடும் என்பதால், மிச்சமிருந்த 3 ராஜா, 3 ஆறு எல்லாமே அவருக்கு வேலை செய்யும். பார்க்காத 44-இல் 12. ரிவர் (கடைசிச் சீட்டு) 6. மேசையிலேயே 9-9, 6-6 கிடக்கிறது. கையும் மேசையும் சேர்த்துச் சிறந்த ஐந்து சீட்டுதான் கணக்கு; என் மூணுகளுக்கு அந்த ஐந்தில் இடமே இல்லை. ஐந்தாவது சீட்டு எனக்கு ராஜா, அவருக்கு ஏஸ். கடைசிவரை அவருக்குத் தனியாக ஒரு ஜோடிகூடச் சேரவில்லை! 7-7 வைத்திருந்தால் அதே மேசையில் நான் ஜெயித்திருப்பேன்.

எட்டு, ஒன்பது ஜோடிக்கு இந்தத் தொல்லை குறைவு. 2-2, 3-3க்குத்தான் மேசையில் விழும் எந்த இரட்டையும் எமன். ஏஸ்-ஜாக்கி ஜெயித்து வாங்கினால் பொறுத்துக்கொள்வேன், மேசையே என் சீட்டைப் பிடுங்கிக்கொள்வதைத்தான் மூணு வருஷமாக ஜீரணிக்க முடியவில்லை.

தம்பிக்குச் சொன்னது: பட்டனில் இருந்தால், உனக்கு முன்னால் யாரும் போடவில்லை என்றால், போடு. அது சரியான ஆட்டம். இந்தச் சனிக்கிழமை எனக்கு 3-3 வந்தால் நான் ஃபோல்டுதான். தப்பு என்று தெரியும், இருந்தாலும் ஃபோல்டுதான்.