வாங்கி வைக்கும் பாதுகாப்பா, வளர்த்தெடுக்கும் திறனா?

பருவநிலை மாற்றம், உலகச் சந்தையின் அதிர்ச்சிகள், புதிய தொழில்நுட்பம் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் எதிர்கொள்ளும் வளரும் நாடுகளுக்கு இரண்டு வழிகள் உள்ளன. வெள்ளத்தடுப்புக் கரை, காப்பீடு, ஆலை என உடனே கைக்குக் கிடைப்பதை விலைகொடுத்து வாங்குவது ஒன்று. மக்களிடமும் நிர்வாகத்திடமும் திறனைப் பல ஆண்டுகள் பொறுமையாக வளர்ப்பது மற்றொன்று. முதல் வழி கண்ணுக்குத் தெரியும். அதற்குத் திறப்பு விழாவும் நடத்தலாம். ஆயினும் பற்றாக்குறையான நிதியில் இரண்டாவதற்கே முதலிடம் தர வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இரண்டு வழிகளையும் ஒரே மண்ணில் சோதித்துப் பார்த்த நாடு வங்கதேசம். அதன் கடலோரத்தில் 1960களில் எழுப்பப்பட்ட மண்கரைகள் உப்புநீரைத் தடுத்து நெல் விளைச்சலைப் பெருக்கின. ஆனால் ஓதத்தோடு, அதாவது கடல் ஏற்றத்தோடு, வந்து வயலில் படிந்துகொண்டிருந்த வண்டலையும் அவையே தடுத்துவிட்டன. கரைக்கு உள்ளே நிலம் தாழ்ந்தது. வெளியே ஆற்றுப்படுகை உயர்ந்தது. 2009இல் ஐலா புயல் கரைகளை உடைத்தபோது, சில இடங்களில் வெளிநிலத்தைவிட ஒரு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடந்த ஊர்களுக்குள் புகுந்த உப்புநீர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வடியவில்லை. தென்மேற்கே பில் பைனா என்ற தாழ்நிலத்தில் ஊர்மக்கள் 1997இல் தாங்களே கரையை வெட்டிவிட்டு ஓதநீரை உள்ளே விட்டார்கள். வண்டல் படிந்து நிலம் உயர்ந்தது. அந்த முறையை அரசு பின்னர் தன் திட்டமாகவே ஏற்றுக்கொண்டது.

இனி மற்ற வழியைப் பார்ப்போம். 1970 புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேரை இழந்த அந்நாட்டில், செம்பிறைச் சங்கமும் (செஞ்சிலுவை இயக்கத்தின் அந்நாட்டு அமைப்பு) அரசும் சேர்ந்து புயல் முன்னாயத்தத் திட்டத்தை நடத்துகின்றன. இன்று அதில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். ஆபத்து கூடக்கூட எச்சரிக்கைக் கொடிகளின் எண்ணிக்கையை மூன்றுவரை உயர்த்துவதும், ஒலிபெருக்கியோடு தெருத்தெருவாகச் சென்று அழைப்பதும், முதியவர்களைக் கைப்பிடித்துப் புகலிடம் சேர்ப்பதும் அவர்கள் பணி. 1991 புயலில் ஏறக்குறைய 1,38,000 பேர் மாண்டனர். 2007இல் வந்த சிதர் புயலிலோ உயிரிழப்பு நான்காயிரத்தை எட்டவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் புகலிடங்கள் பெருமளவில் கட்டப்பட்டதும் இதற்குக் காரணம் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் அவற்றில் பல, மற்ற நாள்களில் பள்ளிகளாக இயங்குபவை. ஊரார் நாள்தோறும் புழங்கிய கட்டடங்கள் என்பதால் ஆபத்து வேளையில் எங்கே போக வேண்டும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பொருளாதார அதிர்ச்சிக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம். மலாவி, ஆப்பிரிக்க ஒன்றியத்தின் இடர்க் காப்பீட்டு அமைப்பிடம் வறட்சிக் காப்பீடு எடுத்திருந்தது. 2015-16 பருவம் பொய்த்து, அரசே பேரிடர் அறிவித்த பிறகும் இழப்பீடு வரவில்லை. உழவர்கள் குறுகிய கால மக்காச்சோளத்துக்கு மாறியிருக்க, இழப்பை மதிப்பிடும் காப்பீட்டு அமைப்பின் கணிப்பு மாதிரியோ நீண்ட கால ரகத்தையே வைத்துக் கணக்கிட்டிருந்தது. பிழையைக் கண்டுபிடித்துச் சுமார் 81 லட்சம் டாலரை வழங்குவதற்குள் 2017 பிறந்துவிட்டது. சிலி, செம்பு விலை உச்சத்திலிருந்த ஆண்டுகளில், பணத்தை உடனே செலவிடச் சொன்ன அழுத்தத்துக்கு இணங்காமல், 2007இல் நிலைப்படுத்தும் நிதியம் ஒன்றை அமைத்துச் சேமித்தது. 2009இல் உலக நிதி நெருக்கடியின்போது அந்தச் சேமிப்பே கைகொடுத்தது. செம்பு போன்ற வருவாய் இல்லாத நாட்டுக்குக் காப்பீடு தேவைதான். ஆனால் எந்தப் பயிர், எப்போது விதைக்கப்படுகிறது என்பதைத் தன் வேளாண் அலுவலர்களைக் கொண்டே திரட்டிவைக்கும் நாடுதான் அந்த ஒப்பந்தத்தைச் சரிபார்க்க முடியும்.

தொழில்நுட்பத்திலும் நிலைமை வேறல்ல. தென் கொரியாவின் போஹாங் எஃகு ஆலைக்கு இயந்திரமும் தொழில்நுட்பமும் ஜப்பானிலிருந்து வந்தன. ஆனால் 1973இல் ஆலை இயங்கத் தொடங்குமுன்பே அதன் பொறியாளர்கள் ஜப்பானிய ஆலைகளில் வேலை கற்றுவிட்டிருந்தார்கள்.

கரையே முதலில் வேண்டிய இடமும் உண்டு. மாலத்தீவின் தலைநகர் மாலேயில் ஓடி ஏற மேட்டுநிலம் கிடையாது. ஜப்பானிய உதவியோடு எழுப்பிய கடற்சுவர் 2004 ஆழிப்பேரலையின் வேகத்தை அங்கே தணித்தது. ஒதுங்க இடமுள்ள நாடுகள், கரைக்கோ ஆலைக்கோ கடன் வாங்கும்போது அதே ஒப்பந்தத்திலேயே பராமரிப்புக்கும் ஆட்களின் பயிற்சிக்கும் பணம் ஒதுக்கும்படி கேட்க வேண்டும். கையெழுத்தான பிறகு கேட்டால் அது கிடைப்பது அரிது.