பிராட்வே ஜூனியர்: பள்ளி இசை நாடகத்துக்கு நம்பி வாங்கலாம்

நியூஜெர்சியில் மகள் படிக்கும் நடுநிலைப் பள்ளியில் பிள்ளைகள் மேடையேற்றுவதற்கென்றே வரும் பிராட்வே ஜூனியர் தொகுப்பை வைத்துத்தான் இசை நாடகம் போட்டோம். பெரிய நாடகத்தை ஏறக்குறைய 60 நிமிடத்துக்குச் சுருக்கி, பிள்ளைகளின் குரலுக்கு ஏற்ற சுருதியில் தருகிறார்கள். வாத்தியக் குழு இல்லாத பள்ளிக்கு இதோடு வரும் பதிவு செய்த பின்னணி இசை பெரிய வரம். பாடகர் குரலோடு ஒன்று, வெறும் இசையாக ஒன்று என்று வருவதால், பிள்ளைகள் வீட்டில் முதலாவதைக் கேட்டுப் பழகிவிட்டு ஒத்திகையில் இரண்டாவதற்கு மாறினார்கள். நடன வீடியோவும் உண்டு, நடனமே தெரியாத கணக்கு டீச்சர் அதைப் பார்த்துத்தான் சொல்லிக்கொடுத்தார்.

காலை வாரியது வேறொரு கடையில் வாடகைக்கு எடுத்த மைக். கன்னத்தில் ஒட்டிய டேப் வியர்வையில் பிரிந்து தொங்க, ஒரு பையன் மைக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டே பாடி முடித்தான், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வருஷமும் இதையேதான் வாங்கச் சொல்வேன்.