ஆட்சி மாறினால் அதிகாரியும் மாற வேண்டுமா? மூன்று ஏற்பாடுகள், ஓர் ஒப்பீடு

2024 ஜூலை 4 அன்று பிரிட்டனில் தேர்தல் நடந்தது. மறுநாளே ரிஷி சுனக் பதவி விலகினார், கெய்ர் ஸ்டார்மர் பிரதமரானார். பழைய அமைச்சருக்குக் கோப்பு அனுப்பிக்கொண்டிருந்த துறைச் செயலர்களே புதிய அமைச்சர்களை வரவேற்றார்கள். அதே ஆண்டு நவம்பர் 5 அன்று அமெரிக்காவில் தேர்தல். புதிய அதிபர் பதவியேற்றது 2025 ஜனவரி 20. இடையில் 76 நாட்கள். ஆயிரக்கணக்கான பதவிகளுக்கு ஆள் தேடவே அந்த அவகாசம் போதவில்லை. ஜெர்மனியில் 2025 பிப்ரவரி 23 தேர்தல், மே 6 அன்று புதிய சான்ஸலர், அதாவது அரசின் தலைவர். அங்கே அமைச்சகங்களின் உச்சியில் இருந்தவர்களில் பலர் மாற, அவர்களுக்குக் கீழே இருந்தவர்கள் அப்படியே தொடர்ந்தார்கள்.

மூன்றும் மக்களாட்சிகள்தான். மூன்றுக்கும் கேள்வியும் ஒன்றுதான்: வாக்குப்பெட்டியில் நடந்த மாற்றம் அலுவலகத்துக்குள் எத்தனை படி கீழே இறங்கலாம்? பிரிட்டன் ஒரு படிகூட வேண்டாம் என்கிறது. அமெரிக்கா நான்கைந்து படி போகலாம் என்கிறது. ஜெர்மனி இரண்டு படியோடு நிறுத்திக்கொள்கிறது.

அமைச்சர் போவார், அதிகாரி இருப்பார்

பிரிட்டன் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் பாதிவரை அங்கே அரசு வேலை என்பது தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைக்குத்தான். 1854இல் வெளியான நார்த்கோட்–ட்ரெவெலியன் அறிக்கைதான் தேர்வு வைத்து ஆள் எடுங்கள் என்றது. பொதுப் போட்டித் தேர்வு நடைமுறையானது 1870இல். அதாவது, அறிக்கைக்கும் செயலுக்கும் 16 ஆண்டு இடைவெளி.

இந்த ஏற்பாட்டின் அழகு, ஆட்சி மாற்றத்துக்கு அது முன்கூட்டியே தயாராவதில் இருக்கிறது. 1964 முதல், தேர்தலுக்கு முன்பே எதிர்க்கட்சியினர் துறைச் செயலர்களைச் சந்தித்துப் பேச வழி உண்டு. அதிகாரிகள் எல்லாக் கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளையும் படித்து, யார் வந்தாலும் முதல் நாளே மேசையில் வைக்கும்படி குறிப்புகள் எழுதி வைத்திருப்பார்கள். முந்தைய ஆட்சியின் உள் ஆலோசனைக் கோப்புகளை அடுத்த கட்சியின் அமைச்சருக்குக் காட்டக் கூடாது என்பதும் மரபு. நேற்று நீங்கள் அவருக்குச் சொன்ன ரகசியம் நாளை இவருக்குப் போகாது என்ற உறுதி இருந்தால்தானே அமைச்சர் அதிகாரியிடம் மனம்விட்டுப் பேசுவார்?

சரி, குறை எங்கே? அமைச்சருக்குத் தன் துறையின் தலைமை அதிகாரியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மிகக் குறைவு. ஐந்தாண்டு அதிகாரத்துடன் வருபவர், முப்பதாண்டு அனுபவத்துடன் இருப்பவரிடம் மாட்டிக்கொள்கிறார் என்ற புகார் இரு பெரிய கட்சிகளிலும் உண்டு. அந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது. ஒரு திட்டத்தை எதிர்க்க வேண்டியதே இல்லை, மெதுவாக நடத்தினால் போதும் என்பது எந்த அலுவலகத்துக்கும் தெரியும்.

இன்னொரு குறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நேர்வழியில் மாற்ற முடியாத இடத்தில், மாற்றம் பின்வாசல் வழியாக வரும். 2022 செப்டம்பரில் லிஸ் ட்ரஸ் பிரதமரான சில நாட்களிலேயே நிதித்துறையின் நிரந்தரச் செயலர் டாம் ஸ்காலர் நீக்கப்பட்டார். தடுக்க விதி இருக்கவில்லை. இருந்தது மரபு மட்டும். அதே மாதம் 23ஆம் தேதி, சுயேச்சையான வரவுசெலவு மதிப்பீடு இல்லாமலேயே பெரும் வரிக்குறைப்பு அறிவிக்கப்பட்டது. மூன்றே நாளில் டாலருக்கு எதிராக பவுண்டின் மதிப்பு அதுவரை காணாத அளவுக்குச் சரிந்தது. ஸ்காலர் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். வேண்டாத ஆலோசனையைச் சொல்பவருக்கு என்ன ஆகும் என்பதை மற்ற செயலர்கள் அன்று பார்த்துக்கொண்டார்கள். கேடு அதில்தான் இருக்கிறது.

பிரிட்டிஷ் முறையை அப்படியே வாங்கிக்கொண்ட இந்தியாவில் பின்வாசலுக்குப் பெயர் பணியிட மாற்றம். அரசியல் சாசனத்தின் 311ஆவது பிரிவு அதிகாரியின் வேலையைக் காக்கிறது, நாற்காலியைக் காப்பதில்லை. அதனால்தான் 2013இல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும் என்றும் வாய்மொழி உத்தரவுகளை அதிகாரிகள் எழுத்தில் பதிய வேண்டும் என்றும் சொல்ல வேண்டியிருந்தது.

வென்றவருக்கே நாற்காலி

அமெரிக்காவின் கதை ஒரு துப்பாக்கிச் சூட்டில் திரும்பியது. ஆண்ட்ரூ ஜாக்சன் 1829இல் அதிபரானதிலிருந்து, வென்ற கட்சி தன் ஆட்களுக்கு வேலை கொடுப்பது வெளிப்படையான கொள்கையாகவே இருந்தது. இதற்கு ஒரு மக்களாட்சி வாதமும் இருந்தது. அரசு வேலை ஒரு சிறு கூட்டத்தின் பரம்பரைச் சொத்தாகக் கூடாது, சுழல வேண்டும் என்பார்கள். 1881 ஜூலை 2 அன்று, வேலை கிடைக்காத சார்லஸ் கிட்டோ என்பவர் அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டார். செப்டம்பரில் கார்ஃபீல்ட் இறந்தார். 1883இல், கட்சி பார்க்காமல் தகுதி பார்த்து ஆள் எடுக்கச் சொன்ன பெண்டில்டன் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் முதலில் பத்தில் ஒரு பங்கு வேலைகளுக்குத்தான் பொருந்தியது. அப்புறம் நடந்தது சுவையானது. பதவி முடிந்து போகிற அதிபர்கள் பலர், தாங்கள் அமர்த்திய ஆட்களை அடுத்தவர் நீக்கிவிடாமல் இருக்க, அந்த வேலைகளையும் சட்டப் பாதுகாப்புக்குள் சேர்த்துவிட்டுப் போனார்கள். தகுதி முறை அமெரிக்காவில் வளர்ந்ததற்குக் கட்சிச் சுயநலமும் ஒரு காரணம்!

இன்றும் புதிய அதிபர் நிரப்பும் அரசியல் பதவிகள் சுமார் 4,000. அவற்றில் 1,200க்கும் மேற்பட்டவற்றுக்குச் செனட்டின் ஒப்புதல் வேண்டும். மாதக்கணக்கில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். ஆனால் இந்த முறையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1993இல் கிளின்டன் அமர்த்திய ஜேம்ஸ் லீ விட் அரசியல் நியமனம்தான். ஆனால் ஆர்கன்சாவில் அவசரகாலப் பணிகளை நடத்திப் பழகியவர், பெயர் கெட்டிருந்த முகமையைத் தூக்கி நிறுத்தினார். 2005இல் கத்ரீனா புயல் வந்தபோது அதே நாற்காலியில் இருந்த மைக்கேல் பிரவுனும் அரசியல் நியமனம்தான். முகமைக்குள் வருவதற்கு முன் அவர் அரபுக் குதிரைச் சங்கம் ஒன்றில் பணியாற்றியவர். நியூ ஆர்லியன்ஸ் மூழ்கிய சில நாட்களில் பதவி விலகினார். நல்ல ஆளை வெளியிலிருந்து கொண்டுவரும் கதவும் தகுதியற்றவரைக் கொண்டுவரும் கதவும் இங்கே ஒன்றாகவே இருக்கிறது.

எல்லைக்கோட்டை எங்கே போடுவது

ஜெர்மனியில் அரசுச் செயலர் என்று அழைக்கப்படும் அமைச்சகத் தலைமை அதிகாரிகளும், அடுத்த படியில் உள்ள பிரிவுத் தலைவர்களும் 'அரசியல் அதிகாரிகள்'. அவர்களை எந்தக் காரணமும் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் தற்காலிக ஓய்வுக்கு அனுப்பலாம். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, அவமானமும் இல்லை. பணம் வந்துகொண்டிருக்கும்; ஆட்சி திரும்பினால் அவரும் திரும்பலாம். அதற்குக் கீழே உள்ளவர்களைத் தொட முடியாது. வேலை செய்யாதவர்களுக்கு அரசு பணம் கொடுப்பதா என்று அங்கே முணுமுணுப்பு உண்டு. எனக்கென்னவோ அது மலிவான விலையாகத்தான் தெரிகிறது. பழிபோட்டு ஒருவரை நீக்கும்போது அலுவலகம் முழுக்கப் பரவும் அச்சத்துக்கு ஆகும் செலவு இதைவிட அதிகம்.

ஜெர்மனிக்கு இன்னொரு பாடமும் தெரியும், மிகக் கசப்பான பாடம். 1933 ஏப்ரல் 7 அன்று நாஜிகள் கொண்டுவந்த சட்டத்துக்கு 'தொழில்முறை அரசுப் பணியை மீட்டெடுக்கும் சட்டம்' என்று பெயர். அதை வைத்து யூத அதிகாரிகளையும் அரசியல் எதிரிகளையும் வெளியேற்றினார்கள். மிஞ்சியவர்கள் மறு ஆண்டு ஹிட்லர் பெயரைச் சொல்லி உறுதிமொழி எடுத்தார்கள், கோப்புகள் நகர்ந்துகொண்டே இருந்தன. யார் வந்தாலும் பணிபுரிவோம் என்ற நடுநிலைக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. இன்று அங்கே, உத்தரவு சட்டத்துக்கு முரண் என்று தோன்றினால் மேலதிகாரியிடம் ஆட்சேபம் சொல்வது அதிகாரியின் உரிமை மட்டுமில்லை, கடமை. மனித மாண்பை மீறும் உத்தரவை அவர் நிறைவேற்றவே கூடாது.

கட்சி மாறுவதைத் தாண்டி ஆட்சிமுறையே மாறும்போது கோடு எங்கே விழுகிறது என்பது உயிர்ப் பிரச்சினையாகிறது. தென்னாப்பிரிக்காவில் 1994இல் நிறவெறி ஆட்சி முடிந்தபோது, பழைய அரசு ஊழியர்களின் வேலைக்கு இடைக்கால அரசியல் சாசனமே உறுதி கொடுத்தது. ஒடுக்கப்பட்டவர்கள், தங்களை ஒடுக்கிய அலுவலகத்தோடு சேர்ந்து வேலை செய்ய ஒப்புக்கொண்டார்கள். அது எவ்வளவு பெரிய மனம் என்று இன்றும் வியக்கிறேன். ஈராக்கில் 2003 மே மாதம் அமெரிக்கத் தலைமையிலான ஆக்கிரமிப்பு நிர்வாகம் போட்ட முதல் உத்தரவு இதற்கு நேரெதிர். சதாம் ஹுசைனின் பாத் கட்சியின் உயர் நான்கு படிகளில் இருந்தவர்கள் எல்லா அரசு வேலைகளிலிருந்தும் நீக்கப்பட்டார்கள், பள்ளி ஆசிரியர்கள் உட்பட. கட்சியில் சேர்ந்தால்தான் முன்னேற முடியும் என்றிருந்த நாட்டில், அந்த அட்டை வைத்திருந்தவரெல்லாம் கொடுங்கோலர் இல்லை. அமைச்சகங்களை நடத்தத் தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போனபின், மின்சாரத்தையும் தண்ணீரையும் சீராக்குவது இன்னும் கடினமாயிற்று.

தேர்ந்தெடு என்று என்னிடம் சொன்னால், எல்லைக்கோட்டை ஜெர்மனியிலிருந்து எடுப்பேன், காகிதத்தைப் பிரிட்டனிலிருந்து. அங்கே ஒரு செலவு வீண் என்று துறைச் செயலர் கருதினால், எழுத்தில் உத்தரவு கொடுங்கள் என்று அமைச்சரிடம் கேட்கலாம். அமைச்சர் கொடுத்தால் செயலர் நிறைவேற்றியாக வேண்டும். ஆனால் அந்தக் கடிதம் தணிக்கைத் துறைக்கும் நாடாளுமன்றத்துக்கும் போகும். முடிவெடுக்கும் உரிமை தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு, மறுத்துச் சொன்னதற்கான சாட்சி மக்களுக்கு.

அமெரிக்காவில் இந்தக் கோடு இப்போது நகர்ந்துகொண்டிருக்கிறது. 2020 அக்டோபரில் டிரம்ப் போட்ட உத்தரவைப் பைடன் 2021இல் ரத்து செய்தார், 2025 ஜனவரி 20 அன்று அது மீண்டும் வந்தது. கொள்கை சார்ந்த வேலை பார்க்கும் நிரந்தர அதிகாரிகளை எளிதாக நீக்க அது வழிசெய்கிறது. அந்த ஆண்டு ஏப்ரலில் வந்த விதி வரைவின் மதிப்பீட்டில், இதற்குள் வரக்கூடிய பதவிகள் சுமார் 50,000. அவர்களில் ஒருவர், தன் மேசைக்கு வந்த திட்டம் சட்டப்படி நிற்காது என்று குறிப்பு எழுதப் பேனாவை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் அதை எழுதி முடிப்பாரா என்பதை வைத்துத்தான் அந்த உத்தரவை எடைபோடுவேன்.