பில்லில் 5700 என்று மட்டும் இருந்தால் காசு கட்டாதீங்க

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஃப்ளைட் சிமுலேட்டர் (கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருள்) ஓட்டுவதற்கென்று கணினி பூட்டக் கொடுத்திருப்பவர்களும், கொடுக்க யோசிப்பவர்களும் இதைக் கடைசி வரைக்கும் வாசியுங்கள். ஒரு ப்ரொசசருக்கு எங்களிடம் காசை வாங்கிவிட்டு வேறொரு ப்ரொசசரைப் பூட்டித் தந்திருக்கிறார்கள். கேட்டது ஏஎம்டி ரைசன் 7 5700எக்ஸ்3டி. வந்தது ரைசன் 7 5700. எண் ஒன்றுதான். வால்தான் இல்லை. அந்த வாலுக்குத்தான் நாங்கள் காசு கட்டினோம்.

கடையின் பெயரை இங்கே போட மாட்டேன். முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது முடியட்டும். தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன், மன்னியுங்கள். ஆனால் அதே மாதிரி எழுதிய கொட்டேசன் இன்னும் பல பேரின் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதனால் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கணினி என் அக்காவின் மகனுக்கு. ஏ.எல். முடித்துவிட்டான். விமானி ஆக வேண்டும் என்பது சின்ன வயதில் இருந்தே அவனுடைய ஆசை. வீட்டில் இருந்து சிமுலேட்டரில் பறக்கும் மணித்தியாலம் எந்த லைசன்சுக்கும் கணக்கில் வராது, அது அவனுக்கும் தெரியும். ஆனால் கருவிகளைப் பார்த்துப் பறப்பது, ஓடுபாதைக்கு ஒழுங்காக இறங்குவது, வானொலியில் எந்த நேரம் என்ன சொல்ல வேண்டும் என்பது எல்லாம் கைக்குப் பழகிவிட்டால், நாளைக்குப் பயிற்சிக்குப் போகும்போது அந்த விலை கூடிய மணித்தியாலங்களை அடிப்படை பழகுவதில் கரைக்கத் தேவையில்லை. அக்கா ஆரையம்பதியில் வீட்டோடு தையல் செய்கிறவர். சீட்டெடுத்த காசு இது. பள்ளிக்கூடச் சட்டைக்கு ஓடர் வருகிற மாதங்களில் அவர் எத்தனை மணிக்குப் படுப்பார் என்று எனக்குத் தெரியும். எனக்கு வந்த கோபத்துக்கு அதுதான் முழுக் காரணம்.

எந்த ப்ரொசசர் வாங்குவது என்று அவர்கள் என்னிடம் கேட்டார்கள். நான் நாலைந்து வருடமாகச் சிமுலேட்டர் ஓட்டுகிறவன். மற்றக் கேம்களுக்குப் பார்க்கிற மாதிரி இதற்குப் பார்க்கக்கூடாது. மைக்ரோசொஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் என்றாலும் எக்ஸ்-ப்ளேன் என்றாலும், பறப்பின் கணக்கு, காக்பிட் திரைகள், கீழே வரும் கட்டடங்கள், மற்ற விமானங்கள் என்று பாரமான வேலையில் பெரும்பகுதி ஒரே ஒரு மெயின் த்ரெட்டின் (ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிக்க வேண்டிய வேலைவரிசை) தலையில்தான் விழுகிறது. மைக்ரோசொஃப்டின் 2024 பதிப்பில் வேலையைக் கொஞ்சம் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இருந்தாலும் அந்த ஒரு த்ரெட் பிந்தினால் மற்றதெல்லாம் சேர்ந்து பிந்தும். செக்கனுக்கு 30 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃப்ரேமையும் 33 மில்லிசெக்கனுக்குள் முடித்தாக வேண்டும். ப்ரொசசருக்குள் எட்டுக் கோர் (வேலை செய்யும் அலகு) இருந்தாலும் பதினாறு கோர் இருந்தாலும் அந்த ஒரு கோர் முடிக்கும் வரை மற்றவை காத்து நிற்கும்.

அந்தக் கோர் வேலை செய்யும்போது அதற்கு வேண்டிய தரவு பக்கத்தில் இருக்க வேண்டும். மேசன் எவ்வளவு கைவேகமான ஆளாக இருந்தாலும் கையாள் கல்லும் சாந்தும் கொண்டு வந்து சேர்க்கும் வரை சும்மா நிற்கத்தானே வேண்டும்? ப்ரொசசருக்கு உள்ளேயே இருக்கிற எல்3 கேஷ், பக்கத்தில் குவித்து வைத்த கல். ரெம் என்பது ஒழுங்கைக்கு வெளியே பறித்த கல். ரெம்முக்குப் போய் வர எல்3 கேஷைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும். சிமுலேட்டரோ சிதறிக் கிடக்கிற தரவை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் மென்பொருள்.

ஏஎம்டி 2022 ஏப்ரலில் 5800எக்ஸ்3டியை விட்டபோது செய்தது இதைத்தான். வழமையான 32 எம்பி கேஷுக்கு மேலே இன்னொரு 64 எம்பியை அடுக்கி 96 எம்பி ஆக்கினார்கள். சிமுலேட்டர் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பியது அதற்குப் பிறகுதான். 2024 ஜனவரியில் அதைவிட விலை குறைவாக 5700எக்ஸ்3டி வந்தது. எட்டுக் கோர், அதே 96 எம்பி. பழைய வகை ஏஎம்4 மதர்போர்டிலேயே இருக்கும், டிடிஆர்4 ரெம்மே போதும். அடுத்த தலைமுறை 7800எக்ஸ்3டிக்குப் போனால் ஏஎம்5 போர்ட், டிடிஆர்5 ரெம் என்று எல்லாமே புதிதாக வாங்க வேண்டும். அக்காவின் காசுக்கு 5700எக்ஸ்3டிதான் சரி என்று சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

அதே 2024 ஜனவரியில் ஏஎம்டி இன்னொன்றையும் விட்டது. வெறும் ரைசன் 7 5700. இதுவும் எட்டுக் கோர், பதினாறு த்ரெட். எல்3 கேஷ் மட்டும் 16 எம்பி. நடுவில் 5700எக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு 32. அதாவது ஒரே எண்ணின் கீழே 16, 32, 96 என்று மூன்று அளவு. அறிமுக விலை எக்ஸ்3டிக்கு 249 டொலர், வெறும் 5700க்கு 175 டொலர். இந்த இடைவெளிக்குள்தான் எங்களுக்கு நடந்தது நடந்தது.

மருமகன் வட்ஸ்அப்பில் ‘5700எக்ஸ்3டி இருக்கா அண்ணன்?’ என்று எழுத்தில் கேட்டிருக்கிறான். ‘ஓம் இருக்கு, வாங்க’ என்று பதில். கொட்டேசனில் எழுதி வந்தது ‘ஆர்7 5700 3டி கேமிங் பிசி, ஃபுல் செட்’. எக்ஸ் இல்லை. ‘3டி’ ப்ரொசசரைச் சேர்ந்ததா கேமிங்கைச் சேர்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. சாமான்களுக்குத் தனித்தனி விலை கிடையாது, ஒட்டுமொத்தமாக ஒரு தொகை. பில்லிலும் அதே வரிதான்.

எடுக்கப் போன அன்றைக்குக் கடையில் வைத்தே சிமுலேட்டரை ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். மட்டக்களப்பு ஓடுபாதையில் இருந்து ஒரு செஸ்னா 172ஐ எழுப்பி, வாவிக்கு மேலே கல்லடிப் பாலம் வரைக்கும் போய்த் திரும்பினார்களாம். வழுக்கிக்கொண்டு போனதாம். இதை நன்றாகக் கவனியுங்கள், ஏனென்றால் பார்க்கிற யாரும் நம்பிவிடுவார்கள். செஸ்னா சின்ன விமானம். கீழே தண்ணீரும் தென்னையும் தணிந்த வீடுகளும்தான். மெயின் த்ரெட்டுக்கு அங்கே பெரிய வேலை ஒன்றும் இல்லை. என்னுடைய பழைய கணினியிலும் வாவிக்கு மேலே அப்படித்தான் ஓடும். ப்ரொசசரைச் சோதிக்க வேண்டுமானால் ஏ320 மாதிரித் திரைகள் நிறைந்த காக்பிட்டை எடுத்து, மற்ற விமானங்களையும் போட்டுவிட்டு, லண்டன் ஹீத்ரோவிலோ நியூயோர்க் கென்னடியிலோ இறக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்குக் கொண்டு வந்து பெடியன் பெரிய விமானத்தை எடுத்ததும் சிக்கல் வெளியே வந்தது. பெரிய நகரங்களுக்கு மேலே, அதுவும் இறங்குகிற நேரத்தில், படம் விக்கி விக்கி நின்றது. ஓடுபாதை கண்ணில் பட்டு, வேகத்தையும் உயரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய அந்தக் கடைசி நிமிடத்தில்தான் மோசம். பழகுவதற்கு வாங்கிய சாமான் பழக வேண்டிய நேரத்தில் கையை விட்டால் அதனால் என்ன பிரயோசனம்?

கடைக்கு எடுத்துச் சொன்னோம். முதலில் ‘உங்கட இன்டர்நெட் காணாது’ என்றார்கள். மைக்ரோசொஃப்டின் சிமுலேட்டர் நிலக்காட்சியை இணையத்தில் இருந்து இழுப்பது உண்மைதான். அதனால் எக்ஸ்-ப்ளேன் 12ஐப் போட்டுப் பார்த்தோம். அது நிலக்காட்சியை டிஸ்க்கில் இருந்தே எடுப்பது. இணைய வயரைக் கழற்றிவிட்டு ஓட்டியும் பெரிய விமான நிலையத்தில் அதே விக்கல்.

பிறகு டாஸ்க் மனேஜரை (கணினி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸ் பக்கம்) படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். ப்ரொசசர் 25 வீதத்துக்குப் பக்கத்தில் நின்றது. ‘பாருங்க, ப்ரொசசர் கால்வாசிதான் வேலை செய்யுது, கிறபிக்ஸ் கார்டைத்தான் கூட்டோணும்’ என்று இன்னொரு விலையையும் சொன்னார்கள். இது பொய்யான கணக்கு. பதினாறு த்ரெட்டில் ஒன்று மூச்சு முட்ட ஓடினாலும் மொத்தத்தில் அது ஆறு வீதம்தான் காட்டும். மொத்த வீதத்தை வைத்து ப்ரொசசர் சும்மா இருக்கிறது என்று சொல்லவே முடியாது. சிமுலேட்டரின் செட்டிங்கில் டெவலப்பர் மோடைப் போட்டு ஃப்ரேம் கணக்கைத் திறந்து பாருங்கள். ‘லிமிட்டட் பை மெயின் த்ரெட்’ என்று வந்தால் குறை ப்ரொசசர் பக்கம். எங்களுக்கு அதுதான் வந்தது. ரெசலூஷனைக் குறைத்துப் பார்த்தோம், ஃப்ரேம் கூடவில்லை. கார்டில் குறை இருந்திருந்தால் கூடியிருக்க வேண்டும். இதெல்லாம் தெரியாத வீடு என்றால் இன்னொரு கார்டுக்கும் காசு போயிருக்கும். இந்தப் பதிவை எழுத வைத்ததே அந்த நினைப்புத்தான்.

அப்போதுதான் அதே டாஸ்க் மனேஜர் படத்தின் அடியில் பார்த்தேன். எல்3 கேஷ் 16.0 எம்பி. மேலே பெயர் ‘ரைசன் 7 5700’, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. சந்தேகம் வேண்டாம் என்று ப்ரொசசரின் விபரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளைப் போட்டும் பார்த்தோம். அதே 16.

நானும் அக்காவும் நேரே போனோம். முதலாளி குரலை உயர்த்தவில்லை, தேத்தண்ணியும் தந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ‘தம்பி, அதுவும் 5700 தான், இதுவும் 5700 தான். நீங்க கேட்டது 4.1 கிகாஹேர்ட்ஸ். நான் தந்தது 4.6. கூடினதைத் தந்துபோட்டு நான் ஏச்சும் வாங்கோணுமா?’

எண்கள் இரண்டும் சரி. அதனால்தான் இந்தப் பேச்சு ஆபத்தானது. 5700எக்ஸ்3டியின் உச்ச வேகம் 4.1, வெறும் 5700க்கு 4.6. மேலே அடுக்கிய கேஷுக்காக வேகத்தைக் குறைத்துத்தான் எக்ஸ்3டியைச் செய்கிறார்கள். வேறு வேலைகளில் அந்த 4.6 உதவலாம். சிமுலேட்டரில் 96 எம்பி கேஷ் அதை முந்திவிடும், அதனால்தான் அதற்கு விலையும் கூட. கூடின சாமான் என்றால் விலையும் கூடவல்லவா இருக்க வேண்டும்? நாங்கள் கட்டியது எக்ஸ்3டி விலை. இதைக் கேட்டதும் அவர் பேச்சை மாற்றி வொறன்டியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். ப்ரொசசர் வந்த பெட்டி எங்கே என்று கேட்டேன், ‘பெட்டி கொழும்பிலயே நிண்டுட்டுது’ என்றார். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: ‘சாமான் மாறி வந்தா மாத்தித் தாங்க எண்டுதானே கேக்குறம், சண்டைக்கா வந்தம்?’ அதற்குப் பதில் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்முனையில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ‘28 த்ரெட் கேமிங் பிசி’ என்று கொடுத்திருக்கிறார்கள். திறந்து பார்த்தால் சியோன் இ5-2680 வி4, 2016இல் வந்த சேர்வர் ப்ரொசசர். உச்ச வேகமே 3.3. வீடியோ வெட்டி ஒட்ட அது பழுதில்லை. சிமுலேட்டருக்குக் கோர் எண்ணிக்கையைக் காட்டி விற்கிறார்கள் என்றால் எழும்பி வந்துவிடுங்கள்.

வாங்கப் போகிறவர்கள் கொட்டேசனில் ப்ரொசசரின் முழுப் பெயரையும் எழுத வையுங்கள். பக்கத்திலேயே ‘எல்3 96 எம்பி’ என்றும் எழுதச் சொல்லுங்கள். சாமானுக்குச் சாமான் விலை பிரித்துத் தராத கடையில் வாங்காதீர்கள். மூடிய பெட்டியை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். 5700எக்ஸ்3டி பெட்டிக்குள் கூலர் வராது. எங்களுக்கு ‘கம்பனிக் கூலரோடயே வந்தது’ என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள், அங்கேயே விஷயம் வெளிச்சம். பூட்டிய பிறகு கூலரைக் கழற்றிப் பெயர் பார்க்க வெளிக்கிடாதீர்கள். ஏஎம்4 ப்ரொசசரில் கம்பிகள் அடிப்பக்கம் இருப்பதால், காய்ந்த பேஸ்டோடு ப்ரொசசரும் சேர்ந்து வந்து கம்பி வளைந்துவிடலாம், பழி உங்கள் மேல் விழும். காசைக் கொடுக்கும் முன்னர் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்து, பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் பெயரையும் எல்3 அளவையும் பார்த்தாலே போதும். அரை நிமிட வேலை.

எங்கள் முறைப்பாடு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் எழுத்தில் இருக்கிறது. வட்ஸ்அப் உரையாடல், கொட்டேசன், பில், டாஸ்க் மனேஜர் படம் எல்லாம் இணைத்துக் கொடுத்தோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எப்படிக் கொடுப்பது என்று தெரியாதவர்கள் 1977க்கு அழைத்துக் கேட்கலாம். முறைப்பாடு போன பிறகு கடையில் இருந்து ஒருவர் அழைத்து, கடிதத்தை வாபஸ் வாங்கினால் ஒரு தொகை தருவதாகச் சொன்னார். அக்கா மறுத்துவிட்டார். கேட்ட ப்ரொசசர் வேண்டும், இல்லையென்றால் விலை வித்தியாசம் முழுவதும் வேண்டும், இரண்டில் எது என்றாலும் சரியான பெயர் போட்ட பில்லும் வேண்டும் என்று நிற்கிறார். நானும் அவரோடுதான் நிற்கிறேன்.

அதுவரைக்கும் மருமகன் டெரெய்ன் லெவல் ஒஃப் டீட்டெய்லை (நிலக்காட்சியின் நுணுக்கம்) குறைத்து, மற்ற விமானங்களை நிறுத்தி, காக்பிட் திரைகள் புதுப்பிக்கும் வேகத்தையும் தணித்து வைத்து ஓட்டுகிறான். ஏறத்தாழச் சமாளிக்கலாம், ஹீத்ரோ பக்கம் மட்டும் போவதில்லை. ‘5700 3டி’ என்று கொட்டேசன் வாங்கி ஏற்கெனவே கணினி எடுத்தவர்கள் இன்றைக்கே அந்த எல்3 வரியைப் பாருங்கள். 16 என்று காட்டினால் படம் எடுத்து வைத்துவிட்டு, பில்லின் திகதியைப் பாருங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் எனக்குச் செய்தி போடுங்கள், நாங்கள் எழுதியதைத் தருகிறேன்.