தேக்கா முதல் பீப்பிள்ஸ் பார்க் வரை: ப்ளவுஸ் தைக்க எதை எங்கே வாங்கலாம்?

ஒரு ப்ளவுஸுக்கு வேண்டிய எல்லாவற்றையும் சிங்கப்பூரில் ஒரே இடத்தில் வாங்கப் பார்த்தால், ஏதாவது ஒன்றில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்ற வேண்டிவரும். லைனிங்குக்குத் தேக்கா, லேஸ், ஷிஃபான், பாத்தேக் (பாட்டிக்) வகைக்கு அரப் ஸ்ட்ரீட், ஹூக், ஜிப், பட்டன் போன்ற சில்லறைச் சாமான்களுக்கு சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க், ஊசி, கத்தரிக்கோல், ஒட்டு கேன்வாஸுக்கு பிளாசா சிங்கப்பூராவில் உள்ள ஸ்பாட்லைட் கடை. இப்படிப் பிரித்து வாங்குவதுதான் சரி. அலைச்சலும் அதிகமில்லை. தேக்காவுக்கு லிட்டில் இந்தியா, அரப் ஸ்ட்ரீட்டுக்கு பூகிஸ், பீப்பிள்ஸ் பார்க்குக்கு சைனாடவுன் என மூன்று ரயில் நிலையங்களும் டவுன்டவுன் தடத்திலேயே வருகின்றன. பிளாசா சிங்கப்பூராவுக்கு டோபி காட்டில் இறங்க வேண்டும். லிட்டில் இந்தியாவிலிருந்து வடகிழக்குத் தடத்தில் அதுதான் அடுத்த நிறுத்தம்.

தேக்கா சென்டரின் மாடியையும் சுற்றியுள்ள சிராங்கூன் ரோட்டுக் கடைகளையும் முதலில் சொல்லக் காரணம் லைனிங்தான். பட்டுத் துணியை அரைமணி நேரம் பார்த்துப் பார்த்து எடுப்பவர்கள் லைனிங்கை மட்டும் கிளம்பும் நேரத்தில், கலர் ஒத்துப்போனால் போதும் என்று வாங்கிவிடுகிறார்கள். உடம்பில் படுவது லைனிங். வேர்வையை இழுப்பதும், கைக்குழியில் இழுபடாமல் தாங்குவதும் அதுவே. இங்குள்ள புழுக்கத்தில் பாலியெஸ்டர் கலந்த லைனிங் போட்டால், மேலே எவ்வளவு நல்ல காஞ்சிப் பட்டாக இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் முதுகு நனைந்துவிடும்.

அதனால் ‘லைனிங் கொடுங்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘சுத்தக் காட்டன் லைனிங்’ என்று கேளுங்கள். சந்தேகமாக இருந்தால் வெட்டிய ஓரத்திலிருந்து இரண்டு நூல் உருவி, வீட்டுக்கு வந்து கொளுத்திப் பாருங்கள். காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணிபோல் நிற்கும். கலப்புத் துணியில் இரண்டும் தெரியும். டூ பை டூ என்பது பாவு (நீள நூல்), ஊடு (குறுக்கு நூல்) இரண்டிலும் இரட்டை இழை போட்டு நெய்த துணி. தனியாகத் தைக்கும் மேட்சிங் ப்ளவுஸுக்கு அது அருமை. கனமான பட்டுக்கு உள்ளே போட்டால் தடித்துவிடும். அதற்கு கேம்பிரிக் என்னும் மெல்லிய காட்டன் போதும்.

வாங்கிய லைனிங்கை அப்படியே வெட்டுவதுதான் நடக்கிற தவறுகளில் பெரியது. நெய்து பதமிடும்போது இழுத்துப் பிடித்திருந்த நூல், தண்ணீர் பட்டதும் தளர்ந்து குறுகும். மீட்டருக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் வரை போகலாம். மேல்துணி அந்த அளவுக்குச் சுருங்காது. முதல் சலவைக்குப் பிறகு டார்ட் (உடம்புக்குப் பொருந்த மடித்துத் தைக்கும் பிடிப்பு) முனையிலும் கைக்குழியிலும் மேல்துணி உப்பிச் சுருக்கம் விழுவது இதனால்தான். தையல்காரர் மேல் பழி போட்டுப் பயனில்லை. வெறும் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயவைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே நீளவாக்கில் இஸ்திரி போடுங்கள். கல் உப்பு போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். இன்றைய சாயங்களுக்கு அதை நம்ப முடியாது. ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். கலர் ஒட்டினால், ஊறவைக்கும் தண்ணீர் தெளியும் வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மேட்சிங் பார்க்கச் சேலையையே எடுத்துப் போங்கள். போனில் எடுத்த படம் உதவாது. கடைக்குள் எரியும் எல்இடி வெளிச்சத்தில் அரக்கும் மெரூனும் ஒன்றுபோலத் தெரியும். துணியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

எவ்வளவு வாங்குவது என்பது அகலத்தைப் பொறுத்தது. 36 அங்குல அகல லைனிங் என்றால், 36–38 மார்பளவுக்குக் கைக்கும் சேர்த்து 1 மீட்டர். கைக்கு லைனிங் வேண்டாமென்றால் 80 சென்டிமீட்டர். 40க்கு மேல் 1.25 மீட்டர். 58–60 அங்குல அகலமுள்ள மேல்துணியில் முக்கால் மீட்டரிலேயே முழங்கை வரை கை வைத்த ப்ளவுஸ் வந்துவிடும். விலை மீட்டருக்கா, கஜத்துக்கா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கஜம் 91.44 சென்டிமீட்டர்தான். இரண்டு மீட்டர் தேவைப்படும் இடத்தில் இரண்டு கஜம் வாங்கினால் 17 சென்டிமீட்டர் குறையும். குட்டைக் கை ஒன்றின் உயரமே போய்விடும்.

அரப் ஸ்ட்ரீட்டின் பலம் லேஸ். ஓரத்தில் வளைவு வளைவாக வரும் வேலைப்பாடு துணியின் கரையோடுதான் ஓடும். அது கையின் விளிம்பில் வர வேண்டுமென்றால் இரண்டு கைகளையும் கரையோரமாகக் கிடத்தி வெட்ட வேண்டும். வழக்கமான அளவு பற்றாது. கால் மீட்டர் கூட்டி வாங்குங்கள். பாத்தேக் வாங்கினால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மெழுகு வைத்துச் சாயம் ஏற்றியதில் இரண்டு பக்கமும் நிறம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்; அச்சடித்ததில் பின்பக்கம் வெளுத்திருக்கும். அச்சுத் துணி வாங்குவதில் தப்பில்லை, அச்சுத் துணி விலைக்கு வாங்க வேண்டும், அவ்வளவுதான். ‘பியூர் சில்க்’ என்றால் ஒரு நூல் உருவித் தரச் சொல்லுங்கள். எரித்தால் முடி கருகும் வாடை வர வேண்டும். இங்கே இரண்டு மூன்று கடையில் விலை கேட்டுவிட்டு வாங்குவது வழக்கம்தான், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை சில கடைகள் திறப்பதில்லை.

பீப்பிள்ஸ் பார்க் பக்கம் துணிக்கடைகளும் உண்டு. ஆனாலும் அங்கே போக நான் சொல்லும் காரணம் ஹூக்கும் பட்டனும்தான். முலாம் பூசிய இரும்பு ஹூக் இந்த ஈரக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும்; துருக்கறை லைனிங்கில் ஏறினால் போகாது. ஒரு சின்னக் காந்தத்தைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் பெரும்பாலும் இரும்புதான், பித்தளை ஒட்டாது.

ஸ்பாட்லைட்டில் எல்லாம் விலை எழுதி, வகை பிரித்து வைத்திருப்பார்கள், பேரம் கிடையாது. சாதாரணக் காட்டனுக்கு அங்கே போவது வீண்செலவு. ஊசிக்குத் தாராளமாகப் போகலாம். பட்டுக்கு 70/10 அல்லது 75/11, லைனிங் காட்டனுக்கு 80/12, நீளும் துணிக்கு முனை மழுங்கிய பால் பாயின்ட். வீட்டு மெஷினுக்குத் தலைப்பகுதி ஒருபக்கம் தட்டையான ஹெச்ஏ×1 ஊசி. தொழிற்சாலை மெஷினுக்கு உருண்டைத் தலை டிபி×1. மாற்றிப் போட்டால் தையல் விட்டுவிட்டு விழும், இல்லையென்றால் ஊசியே உள்ளே நிற்காது. ஊரிலிருந்து மெஷின் கொண்டுவந்தவர்களுக்கு மின்சாரப் பிரச்சினை இல்லை. இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மட்டும் மாற வேண்டும்.

தைக்கக் கொடுப்பவர்களுக்குத் தேக்கா மாடியிலேயே தையல்காரர்கள் மெஷினோடு உட்கார்ந்திருக்கிறார்கள். உடம்பில் எடுக்கும் அளவைவிட, சரியாகப் பொருந்தும் அளவு ப்ளவுஸ் ஒன்றைக் கொடுப்பது நல்லது. பக்கத்துக்கு ஓர் அங்குலம் உள்ளே விடச் சொல்லுங்கள். பின்னால் பிரித்துக்கொள்ள அதுதான் உதவும். ‘லைனிங் தண்ணீரில் போட்டாச்சு’ என்று சொல்லியே கொடுங்கள், கழுத்து ஆழத்தை எண்ணாகவே எழுதிக் கொடுங்கள். தீபாவளிக்கு வேண்டுமென்றால் ஒரு மாதமாவது முன்னால் போங்கள். நெருக்கத்தில் போனால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். ஒப்புக்கொண்டாலும் ஹெம்மிங்கும் ஹூக்கும் அவசரத்தில் முடிந்திருக்கும். வாங்கும்போது ஹூக் பட்டியை இரண்டு கையாலும் லேசாக இழுத்துப் பாருங்கள். நூல் தெரிந்தால் அங்கேயே நின்று மறுபடி தைத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.